ஈர இலைச் சட்டை

புகையிலை வயலில் அவளுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். பெண்ணுக்கு அப்படியொரு பட்டப்பெயர் வந்ததற்கு அவள் போட்டிருந்த சட்டைதான் காரணம்.

இலை பறிக்கும் பெண்கள் எல்லாரும் உடுப்புக்கு மேல் ஏதாவது ஒரு பழைய ஆண் சட்டையை மாட்டிக்கொள்வார்கள். இலையிலிருந்து கசியும் பிசின் பட்டால் துணி தேறாது. மற்றவர்கள் கந்தலைப் போட்டுக்கொண்டு வர, இவள் மட்டும் முழுக்கை வைத்து, காலர் வைத்து, முத்துப் பொத்தான் போட்ட சட்டையில் வந்தாள். அவளுடைய அண்ணன் தையல்காரர். தங்கையின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கென்று தன் கையால் தைத்துக் கொடுத்த சட்டை அது. மாப்பிள்ளை அதைக் கல்யாணத்தன்று ஒருநாள் போட்டார். பிறகு அதையே வயலுக்கும் போட்டுப் போட்டு நீலநிறத்தைக் கறுப்பாக்கினார். நுரையீரல் கெட்டு, போன மழைக்கு முந்தின மழையில் இறந்தார். வீட்டில் அவர் விட்டுப்போனது இந்தச் சட்டையும் ஒரு டார்ச் லைட்டும்தான். டார்ச் எரிவதில்லை.

"என்ன மாப்பிள்ளை, பொண்ணு எங்க?" என்று முதல்நாளே கேட்டாள் நெட்டை. வரிசையில் அடுத்த சாலில் பறிப்பவள்; ஆளுயரத்தால் வந்த பெயர்.

"பொண்ணு உயரம் ஜாஸ்தி. வேண்டாம்னுட்டேன்" என்றாள் இவள்.

வரிசை முழுக்கச் சிரித்தது. வெகுநாளைக்குப் பிறகு யாரையோ சிரிக்கவைத்த நிறைவில் அன்று அவளுக்குக் கை வேகமாக ஓடியது.

அதுவரை அவள் கொட்டகையில் உட்கார்ந்து காய்ந்த இலையைத் தரம் பிரித்தவள். அந்த வேலைக்கு யந்திரம் வந்ததும் முதலாளி பாதிப்பேரை வயலுக்கு அனுப்பிவிட்டார். வயல் வேலை விடியலில் தொடங்கும். தண்டின் அடியிலிருந்து இலையை ஒடிக்க வேண்டும். ஒடித்ததை இடது அக்குளில் அடுக்கி முழங்கையால் இறுக்கிக்கொள்ள வேண்டும். இனி அடுக்க முடியாது என்றானபிறகே வரப்புக்குப் போகலாம். பனியில் ஊறிய இலை அது. இறுக்க இறுக்கச் சாறு அக்குளில் இறங்கி இடுப்புவரை ஓடும். பனி காய்வதற்குள் பறித்தால் இலை உடையாமல் வரும் என்பதால் ஈரத்தோடு பறிப்பதுதான் ஒழுங்கு. அந்த ஒழுங்கு இலையின் நலனுக்காக ஏற்பட்டது. பறிப்பவளின் நலனை யாரும் அதில் சேர்க்கவில்லை.

சில நாளிலேயே அவளுக்கு உடம்பு படுத்தத் தொடங்கியது. முதலில் நெஞ்சு படபடக்கும். விரல் நடுங்கும். காரணமில்லாமல் வியர்க்கும், யாரோ துரத்துவதைப்போல இருக்கும். வெயில் ஏறியதும் எல்லாம் தலைகீழாகும். கைகால் துவண்டு, முகம் வெளுத்து, குனிந்து நிமிர்ந்தால் கண் இருண்டுவிடும். அப்புறம் வாந்தி. வரப்போரம் உட்கார்ந்து குடலே வெளியே வருவதைப்போல எடுப்பாள்.

"வாயில ஒரு துணுக்குப் புகையிலை அடக்கிக்கோ. எங்களுக்கெல்லாம் ஒண்ணும் வரலையே" என்றாள் நெட்டை. அது பொய்யல்ல. வரிசையில் வாயில் புகையிலை இல்லாதவள் இவள் ஒருத்திதான்.

"அவரைக் கொண்டுபோனதை என் வாயில வைக்கமாட்டேன்."

"அப்ப வாந்தி எடு, மாப்பிள்ளை. என்ன சொல்றது."

சொல்வதற்கு வேறொன்று இருக்கிறது என்று வரிசை சீக்கிரமே கண்டுபிடித்தது. புருஷன் இல்லாதவள், காலையில் வாந்தி எடுக்கிறாள். கூட்டிப் பார்க்கப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டுமா? "மாப்பிள்ளைக்கே மசக்கையாம்டி" என்று யாரோ ஒருத்தி முணுமுணுத்தாள். அன்றும் வரிசை சிரித்தது. அவள் சிரிக்கவைத்தபோது கேட்ட சிரிப்பு இது இல்லை.

ஓர் ஆண் வாந்தி எடுத்தால் அவனுக்கு வயிறு சரியில்லை. தனியாக வாழும் பெண் எடுத்தால் அவள் சரியில்லை. இந்த மருத்துவம் எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தருவதில்லை; ஆனால் இதில் பட்டம் வாங்காதவர் தெருவில் ஒருவரும் கிடையாது. அவள் கர்ப்பமாகவே இருந்திருந்தாலும் அது யாருடைய பாடு என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. மறுவாரம் சாப்பாட்டு வேளையில் அவளைச் சுற்றி இடம் காலியாக இருந்தது. நெட்டைகூட நாலு பேருக்கு அப்பால் போய் உட்கார்ந்துகொண்டு தூக்குச்சட்டிக்குள்ளேயே பார்த்தாள்.

பேச்சு வயலிலிருந்து வீட்டுக்கு வந்துசேர அதிக நேரம் பிடிக்கவில்லை. அவள் இருந்தது அண்ணன் வீட்டின் பின்கட்டில், தகரக் கூரை போட்ட ஓர் அறையில். முன்னறையில் அண்ணனின் தையல் யந்திரம். நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவு பகலில் எப்போதும் திறந்திருக்கும். இப்போது சாத்திக்கொண்டது. சாப்பாட்டுத் தட்டு கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் இருந்தது.

"ஊர் வாய்க்கு நான் என்ன மூடியா செஞ்சு போட முடியும்? ரெண்டு பொண்ணு வளருது இந்த வீட்ல" என்று கதவுக்குப் பின்னால் அண்ணி சொன்னது கேட்டது. அதில் வஞ்சம் இல்லை. பயம்தான் இருந்தது.

அண்ணன் அவளைப் பிறந்ததிலிருந்து 'பாப்பா' என்றுதான் கூப்பிட்டவர். அந்த வாரத்திலிருந்து அவள் அவருக்கு 'அவ' ஆனாள்.

கடைசியில் அவரே கதவைத் திறந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"என்னதான் சொல்ற நீ?"

"இலைதான்ணே பண்ணுது. அந்த ஈரம் பட்டாத்தான் வருது."

"மாப்பிள்ளை அதே இலையைத்தானே பறிச்சாரு. அவருக்கு வந்துச்சா?"

அவள் தரையில் இருந்த தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"சரி. ஒரு வாரம் வயல் பக்கம் போகாத. வீட்லயே இரு. வாந்தி நின்னுட்டா இலைதான். நிக்கலைன்னா..." நாடாவை விரலில் சுற்றினார். "நிக்கலைன்னா வேற இடம் பாத்துக்க."

சந்தேகம் வந்தால் சோதித்துப் பார் என்பது நல்ல கொள்கைதான். உலகத்தில் பாதி மூடத்தனம் அதைச் செய்யாததால்தான் உயிரோடிருக்கிறது. ஆனால் சோதனையில் எதை விலக்கினோம், எது விலகாமல் உள்ளேயே இருக்கிறது என்று தெரியாவிட்டால், அந்தச் சோதனை பொய்யைத்தான் உண்மையென்று முத்திரை குத்தித் தரும்.

அவள் வயலை விட்டாள். சட்டையை விடவில்லை.

மற்ற பெண்கள் வேலை முடிந்ததும் பிசின் சட்டையைக் கழற்றி வீட்டுக்கு வெளியே வேலியில் மாட்டிவிடுவார்கள். பருவம் முடியும்வரை துவைப்பதும் இல்லை. துவைத்தால் வாளி, கல், மற்றத் துணி எல்லாம் கறையாகும். மறுநாள் மறுபடி அதே பிசின். இவளும் துவைக்கவில்லை, ஆனால் வேலியிலும் மாட்டவில்லை. அவர் சட்டை வெளியில் மழையில் தொங்குவதா? உள்ளே கொண்டுவந்தாள். அந்த வாரம் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. தகரம் ஒழுகியது. குளிருக்கு அதைத்தான் மேலே போட்டுக்கொண்டாள். நசநசவென்று, காயாமல், தோளில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. காலருக்குள் மூக்கைப் புதைத்தால் அவர் வந்து பக்கத்தில் இருப்பதாக ஒரு வாசனை. பேச ஆளில்லாத அந்த அறையில் அந்த வாசனைதான் பேச்சுத்துணை.

வாந்தி நிற்கவில்லை.

முன்பைவிடக் குறைவுதான். ஆனாலும் கதவுக்கு அந்தப் பக்கம் காது இருந்தது. அது குறைவையும் நிறைவையும் அளக்கவில்லை. "கேட்டுச்சா?" என்றது அண்ணியின் குரல். தையல் யந்திரம் நின்றது. ரொம்ப நேரம் ஓடவில்லை.

தன் உடம்பே தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதைப் போன்ற தனிமை வேறில்லை. ஒருவேளை ஏதாவது பெரிய நோயோ, அவருக்கு வந்ததே வந்துவிட்டதோ என்றுகூட நினைத்தாள். ஊரில் ஒரு சிறு ஆஸ்பத்திரி உண்டு. டாக்டர் வாரத்தில் ஒருநாள் வருவார். மற்ற நாள் நர்ஸம்மாதான். மழைக்கு அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு தனியாக நடந்தாள்.

நர்ஸம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கர்ப்பச் சோதனை பண்ணிப் பாத்துரலாமா?" என்றாள்.

"எனக்குத் தெரியும், இல்லைன்னு."

"எனக்குத் தெரியணுமில்ல. மருந்து குடுக்கறதுக்கு."

"பண்ணிக்கோங்க. ஆனா சீட்டு எதுவும் எழுதித் தராதீங்க."

"ஏன்? இல்லைன்னு வந்தா உங்களுக்குத்தானே நல்லது."

"சீட்டைக் காட்டித்தான் அண்ணன் வீட்ல இருக்கணும்னா அது எனக்கு வேண்டாம்."

இல்லை என்றே வந்தது. நர்ஸம்மா இரத்த அழுத்தம் பார்க்கக் கையைப் பிடித்து, சட்டைக்கையை மேலே சுருட்டப் போனாள். சுருளவில்லை. அழுக்கு ஏறி ஏறி, ஈரத்திலும் பதப்படுத்தாத தோல் மாதிரி விறைத்திருந்தது. நர்ஸம்மாவின் விரல்கள் பழுப்பாகின.

"இது வயலுக்குப் போட்டுப்போற சட்டையா?"

"ஆமா."

"இந்த வாரம் வயலுக்குப் போகலைன்னீங்க. இதைக் கழட்டினீங்களா?"

அவள் விழித்தாள். "எதுக்குக் கழட்டணும்?"

நர்ஸம்மா எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "போன பருவத்துல இதே மாதிரி ரெண்டு பேரு வந்தாங்க. வெயில்னு சொல்லி உப்புத்தண்ணி குடுத்து அனுப்பிட்டேன். அப்புறம்தான் புத்தகத்தைப் புரட்டினேன். இலைல நிகோடின்னு ஒரு விஷம் இருக்கு. ஈரத்துல கரைஞ்சு தோல் வழியா உள்ள போயிடும். வீட்டு காலிங்பெல்லை ஒருத்தன் அமுக்கிட்டே இருக்கான்னு வைங்க. முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"ஓடி ஓடிப் போய்ப் பாப்பேன்."

"அதான் உங்க படபடப்பு, நடுக்கம். அவன் கையை எடுக்கவே மாட்டேங்கறான். அப்புறம்?"

"பெல்லு எரிஞ்சு போயிடும்."

"நிஜமாவே ஆள் வந்து அமுக்கினாலும் கேக்காது. அதான் நீங்க எந்திரிச்சா கண்ணு இருட்டறது."

உவமை சரியானதே. முதுகெலும்பின் இரு பக்கமும் பரிவு நரம்புகளின் முடிச்சுகள் மணி கோத்ததுபோல வரிசையாக இருக்கின்றன. நாம் கேட்காமலே இதயத்தையும் இரத்தக்குழாய்களையும் வியர்வையையும் கவனித்துக்கொள்ளும் கட்டளைகள் அந்த முடிச்சுகளில் ஒரு நரம்பிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுகின்றன. இரண்டு நரம்பும் தொட்டுக்கொள்வதில்லை. நடுவில், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. வருகிற நரம்பு அசிட்டைல்கோலின் என்னும் ரசாயனத்தைக் கொஞ்சம் சிந்தும். அக்கரை நரம்பு அதை ஏற்று விழித்துக்கொள்ளும். ஏற்ற மறுகணமே அந்த ரசாயனம் சிதைந்து இடத்தைக் காலி செய்துவிடும். நிகோடின் அந்த இடத்தில் போய் உட்கார்கிறது. அதுவும் நரம்பை விழிக்கவைக்கிறது. இதயம் ஓடுகிறது, அழுத்தம் ஏறுகிறது. ஆனால் அது சட்டென்று சிதைவதில்லை. மேலும் மேலும் வந்து சேர்ந்தால், ஓயாமல் தூண்டப்பட்ட நரம்பு மரத்துப்போகிறது. அதன்பின் உண்மையான கட்டளை வந்தாலும் அக்கரை சேராது. எழுந்து நிற்பவனின் இரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடிக்க ஆளில்லை, இரத்தம் காலுக்கு இறங்குகிறது, கண் இருளுகிறது. குமட்டலுக்கு மூளையிலும் ஒரு மையம் உண்டு. நிகோடின் அதையும் விடுவதில்லை. ஒருகாலத்தில் இரத்தக் கொதிப்பை இறக்க, தூண்டாமலே இந்த முடிச்சுகளை நேராக அடைக்கும் மருந்துகளைக் கொடுத்துவந்தார்கள். கொதிப்பு இறங்கியது, எழுந்து நின்ற நோயாளிகள் மயங்கியும் விழுந்தார்கள்.

இவ்வளவும் புத்தகங்களில் இருக்கிறது. நிகோடினைப் பூச்சிமருந்தாக அடைத்த குப்பியில் மண்டையோடு போடத் தெரிந்த உலகம், அதே விஷம் ஊறிய இலையைப் பெண்களின் அக்குளில் அடுக்கி அனுப்புகிறது. இலைக்கு எத்தனையோ தரம், எத்தனையோ பெயர். பறிப்பவளுக்கு வருகிற நோய்க்கு வரிசையில் ஒரு பெயரும் இல்லை. பெயர் இல்லாத நோய்க்கு ஊர் தானே ஒரு பெயர் வைத்துவிடுகிறது.

"அவருக்கு ஏன் வரலை?" என்று கேட்டாள்.

"புகைப்பாரா?"

"கை ஓயாம."

"அப்ப உடம்பு அதுக்குப் பழகிப்போச்சு. உங்க வரிசையில புகையிலை போடறவங்களுக்கும் அதான். நீங்க தொடாததால உங்களைப் பிடிக்குது." நர்ஸம்மா சட்டையைப் பார்த்தாள். "இதை நல்லாச் சோப்புப் போட்டு, தண்ணி தெளியற வரைக்கும் துவைக்கணும். இல்ல, எரிச்சிடுங்க."

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நடுக்கதவைத் தட்டினாள். அண்ணன் திறந்தார். நர்ஸம்மா சொன்னதைச் சொன்னாள். சோதனையைப்பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

அண்ணன் கேட்டுக்கொண்டே வந்தார். சட்டை என்றதும் முகம் மாறியது.

"சட்டையா வாந்தி எடுக்கவைக்குது?"

"சட்டைல ஊறின இலைச்சாறுண்ணே."

"நான் தைச்ச சட்டை அது. பத்து வருஷம் மாப்பிள்ளை உடம்புல கிடந்துச்சு. ஒரு தையல் விடலை. இப்ப உனக்குச் சாக்கு வேணும்னதும் என் சட்டை மேல பழியா?" வெடுக்கென்று பிடுங்கினார். "குடு. நான் போடறேன். எவ்வளவு வாந்தி வருதுன்னு பாப்போம்."

"வேண்டாம்ணே. நீ புகையிலை தொடாதவன்."

"தொடாதவன்தான். பாப்போம்."

வெற்றுடம்பில் ஈரச் சட்டையை மாட்டி, பொத்தானை மேல்வரை போட்டு, யந்திரத்தில் போய் உட்கார்ந்தார். புழுக்கமான முன்னறை. மிதிக்க மிதிக்க வியர்த்தது. அவள் கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். யாரும் போகச் சொல்லவில்லை.

ஒரு பாவாடையை முடித்தார். அடுத்ததில் ஊசியில் நூல் கோக்க முயன்றார். நூல் காதைத் தாண்டித் தாண்டிப் போனது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கோத்தார். விரல் நடுங்கியது. துணி கொடுக்க வந்த பெண் ஒருத்தி, "என்ன டெய்லரே, புதுச்சட்டையா?" என்றாள். அவர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"கழட்டிடுண்ணே" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல. வெக்கை."

பொழுது சாயும் நேரத்தில் மிதிப்பது நின்றது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. காற்றுக்காக வாசலுக்குப் போக எழுந்தார்; எழுந்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். வாசற்படியில், தெரு பார்க்க, வாந்தி எடுத்தார்.

எதிர்வீட்டுக் காய்கறிக்காரி தராசைக் கீழே வைத்தாள். "டெய்லரே, உங்களுக்கு எத்தனாவது மாசம்?"

தெரு சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. முத்துப் பொத்தான்களைச் சரசரவென்று கழற்றி, சட்டையை உரித்துத் தூர எறிந்தாள். அண்ணியைக் கூப்பிட்டு, "வாளியும் சோப்பும் எடுத்தாங்க அண்ணி" என்றாள். அண்ணி ஓடிவந்தாள். இருவருமாக அவர் மார்பையும் முதுகையும் அக்குளையும் தேய்த்துக் கழுவினார்கள். பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துக் காலுக்கடியில் துணிமூட்டையைத் தள்ளி உயர்த்தினாள். வாந்தி மீண்டும் வந்தால் தலையைத் திருப்பிவிடுவதற்காகத் தலைமாட்டிலேயே உட்கார்ந்தாள்.

"இப்படித்தான் தினம் இருந்துச்சா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"இதைவிட ஜாஸ்தி."

அண்ணி அவளுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். தரையில் வைக்கவில்லை.

மறுநாள் அவள் சட்டையைத் துவைத்தாள். முதல் தண்ணீர் கறுப்பாகப் போனது, அடுத்தது பழுப்பு, பிறகு மஞ்சள். சோப்பு கரைந்துகொண்டே வந்தது. உள்ளேயிருந்து மெல்ல மெல்ல வெளிர்நீலம் எட்டிப்பார்த்தது, கல்யாணத்தன்று பார்த்த அதே நீலம். கொடியில் போட்டுக் காய்ந்ததும் காலரை முகத்தில் வைத்து முகர்ந்தாள். சோப்பு வாசனை மட்டும்தான் வந்தது. இத்தனை நாள் அவர் என்று நினைத்துக்கொண்டு அவள் முகர்ந்தது இலையைத்தான். அவரைக் கொன்ற இலையை. அவளையும் சாய்க்கப் பார்த்த இலையை. அவர் அதில் எப்போதோ இல்லாமல் போயிருந்தார்.

அன்று அழுதாள். கணவன் செத்தபோது இவ்வளவு அழுததாக நினைவில்லை.

அந்த வாரம் வாந்தி வரவில்லை. நடுக்கதவு திறந்தது. பிறகு வயலுக்குத் திரும்பியபோதும் அங்கே பேச்சு முற்றிலும் ஓய்ந்திருக்கவில்லை. மசக்கை பொய் என்று தெரிந்தபின்னும் இரண்டு பேர் அவள் பக்கத்தில் உட்காருவதில்லை. தப்பாகப் பேசியவர்களுக்கு, பேசப்பட்டவளைப் பார்க்கக் கூசுகிறதோ என்னவோ. நெட்டை மட்டும் ஒருநாள் தூக்குச்சட்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, "உப்பு இருக்கா மாப்பிள்ளை?" என்றாள். அவள் கொடுத்தாள்.

அதற்கு முன்பே, மீண்டும் பறிக்கப் போவதற்கு முந்தின நாள், அண்ணன் முன்னறையிலிருந்து கூப்பிட்டார். மேசைமேல் பெரிய கறுப்புத் தார்ப்பாய்த் துண்டு ஒன்று விரிந்திருந்தது. வாயில் குண்டூசி கடித்துக்கொண்டிருந்தார். ஈரம் ஏறாத சட்டையொன்று தைக்கப் போகிறார் என்பது பார்த்ததுமே புரிந்தது.

"இது விறைப்பாத்தான் இருக்கும். நடந்தா சத்தம் போடும்."

"போடட்டும்."

"உள்ளே துணி வெச்சுத் தைக்கறேன். சாயங்காலம் வெளியிலயே கழட்டி மாட்டிடணும். தண்ணி ஊத்திக் கழுவினாப் போதும்." குண்டூசியை எடுத்துவிட்டு முதல்முறையாக முகத்தைப் பார்த்தார். "பாப்பா, கையை நீட்டு."

நீட்டினாள். அளவு நாடா தோளிலிருந்து முழங்கைக்கும் முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கும் போனது. அளவெடுத்து முடிந்தபின்னும் அவள் சற்றுநேரம் கையை இறக்காமல் நின்றாள்.